கியெல்ட்செயின் ஒன்பது கோல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்தின் கியெல்ட்செ ஹேண்ட்பால் கிளப்பைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, நீங்கள் சொன்ன 2016 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியின் பதிவைத் தேடிப் பார்த்தேன். பள்ளியில் இரண்டு வருடம் ஹேண்ட்பால் ஆடியவன் நான். ஆனாலும் எனக்குப் புரியவில்லை. 9 கோல் முன்னால் இருந்த அணி கால் மணி நேரத்தில் அத்தனையையும் விட்டுவிடுமா? அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

இன்னொன்று. இந்த கிளப்புக்கு ஸ்பான்சர் மாறினால் பெயரும் மாறிவிடுகிறது. அணியில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். ஒரு பணக்காரர் விலைக்கு வாங்கி நடத்திய அணிதானே? இதற்கு வரலாறு என்று ஒன்று உண்டா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

ஹேண்ட்பால் ஆடிய ஒருவரிடமிருந்து கடிதம் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கைப்பந்து என்று எழுதினால் நம் ஊரில் வாலிபால் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் இந்த ஆட்டத்தை நானும் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. பெயர் மாறுவது உண்மைதான். விவே, விவே டார்கி, விவே டௌரோன், இப்போது இண்டஸ்ட்ரியா. ஆனால் 1965இல் பிறந்தபோது இந்த கிளப்புக்கு வைத்த பெயர் இஸ்க்ரா. போலிஷ் மொழியில் தீப்பொறி என்று அர்த்தம். கியெல்ட்செயில் ஸ்பார்க் பிளக் செய்த ஒரு தொழிற்சாலைக்கும் அதே பெயர். சோஷலிச போலந்தில் விளையாட்டு கிளப்புகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆலையையோ சுரங்கத்தையோ ராணுவத்தையோ ஒட்டித்தான் இருந்தன. ஆக, இந்த கிளப் முதல் நாளிலிருந்தே ஒரு கம்பெனியின் பெயரைச் சுமந்துதான் வளர்ந்திருக்கிறது. முதல் தேசியப் பட்டத்தை வென்றது 1993இல். அதற்குள் அந்த அரசே போய்விட்டது, கிளப் மட்டும் நின்றது.

நீங்கள் சொல்லும் பணக்காரர் பெர்டுஸ் செர்வாஸ். நெதர்லாந்துக்காரர். உடுத்திப் பழசான துணிகளை வாங்கி, தரம் பிரித்து விற்பது அவருடைய விவே கம்பெனியின் தொழில். 2002இல் கிளப்பை ஏற்றுக்கொண்டார். அவர் பணம் இல்லாமல் ஐரோப்பியக் கோப்பை வந்திருக்காது, அதில் சந்தேகமே இல்லை. 2 லட்சத்துக்கும் குறைவான ஜனத்தொகை உள்ள ஊர் அது. சுமார் 4,000 பேர் உட்காரும் அரங்கம். அந்த ஊர் பார்சிலோனாவோடும் பாரிஸோடும் மோத வேண்டுமென்றால் யாராவது பணம் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பணத்தை வைத்துக் கணக்குச் சொல்ல முடியாத ஆள் ஒருவர் அந்த அணியில் இருந்தார். இந்தக் கடிதத்துக்கு நான் உட்கார்ந்து பதில் எழுதுவதே அவருக்காகத்தான்.

கரோல் பியெலெட்ஸ்கி. 2 மீட்டருக்கு மேல் உயரம், வலது கை, இடது பேக், அதாவது இடப்பக்கம் பின்னால் நின்று தூரத்திலிருந்து கோலுக்கு எறிபவர். ஜெர்மனிக்கு ஆடப் போகும் முன் இந்த கிளப்பில் ஆடியவர். 2007 உலகக் கோப்பையில் வெள்ளி வென்ற போலந்து அணியிலும் இருந்தார். அந்த அணியின் பயிற்சியாளர் போக்தான் வென்டா அடுத்த வருடமே கியெல்ட்செக்குப் பயிற்சியாளராக வந்தார், பின்னாளில் ஊர் மக்கள் அவரை மேயராகவே தேர்ந்தெடுத்தார்கள். அது தனிக்கதை.

2010 ஜூனில் குரோஷியாவோடு ஒரு நட்புப் போட்டி. நடந்த இடம் கியெல்ட்செ. எதிராளியின் விரல் பட்டு பியெலெட்ஸ்கியின் இடது கண் போயிற்று. அறுவை சிகிச்சைகள் பலன் தரவில்லை. அப்போது அவருக்கு வயது 28. ஆட்டத்தை விடுகிறேன் என்று அறிவித்தார். அப்புறம் சில வாரங்களிலேயே மனம் மாறி, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜெர்மன் லீக்கில் மறுபடி இறங்கினார்.

நீங்கள் ஆடியவர், யோசித்துப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது பந்தை வேகமாக எறியச் சொல்லிப் பிடித்தால் தெரியும். பந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மூளை இரண்டு கண்ணையும் வைத்துத்தான் கணிக்கிறது. இடது பேக்குக்குப் பந்து பெரும்பாலும் மைதானத்தின் நடுவிலிருந்து, அதாவது வலது பக்கத்திலிருந்து வரும். அது நல்ல கண் இருக்கும் பக்கம். ஆனால் இடது பக்கத்திலிருந்து இடிக்க வரும் தடுப்பாளரைத் தலையைத் திருப்பாமல் பார்க்க முடியாது. தலையைத் திருப்பினால் கோல் கண்ணை விட்டுப் போய்விடும். கோலுக்கு 9 மீட்டர் தூரத்தில் எம்பி, காற்றில் இருக்கும் அந்த அரை நொடியில் இதையெல்லாம் சமாளிக்க வேண்டும். பழைய தன்னிச்சையான பழக்கம் எதையும் நம்ப முடியாது. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

2012இல் அவர் கியெல்ட்செக்கே ஆட வந்தார், கண்ணை இழந்த அதே ஊருக்கு. 2018இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் ஆடினார். இதை நான் சும்மா கடந்து போக முடியவில்லை. கிளப்பின் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, எனக்கு அது இங்கே இருக்கிறது.

சரி, இப்போது அந்த 9 கோல்.

2016 மே 29, ஜெர்மனியின் கொலோன் நகரம். எதிரே ஹங்கேரியின் வெஸ்ப்ரேம். 46ஆவது நிமிடத்தை ஒட்டி வெஸ்ப்ரேம் 28-19 என்று முன்னால். கால்பந்துக் கண்ணோடு பார்த்தால் ஆட்டம் முடிந்தது. ஹேண்ட்பாலில் அப்படி இல்லை. ஒரு தாக்குதல் சராசரியாக அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும், பந்து உடனே எதிரணிக்குப் போய்விடும். 14 நிமிடம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் பத்துப் பன்னிரண்டு வாய்ப்பு நிச்சயம், வேகமாக ஆடினால் இன்னும் கூடும். முன்னால் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம் என்றால் அதுவும் நடக்காது. கோல் போடும் எண்ணமில்லாமல் பந்தைச் சுற்றவிட்டால் நடுவர் கையைத் தூக்கி எச்சரிப்பார், அப்புறமும் எறியாவிட்டால் பந்து கைமாறும். ஆகவே பின்தங்கிய அணிக்கு வாய்ப்பு வந்துகொண்டேதான் இருக்கும். வருகிற வாய்ப்பை வீணாக்காமல், எதிராளியின் ஒவ்வொரு எறிதலையும் தடுக்க வேண்டும். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம்.

கியெல்ட்செ செய்தது. அந்தக் கடைசி நிமிடங்களில் அவர்கள் 10 கோல், வெஸ்ப்ரேம் 1 கோல். நேரம் முடியப்போகும்போது க்ஷிஷ்டோஃப் லியெவ்ஸ்கி சமன் கோலைப் போட, 29-29. கூடுதல் நேரத்திலும் சமன், 35-35. பிறகு 7 மீட்டர் எறிதல்கள், கால்பந்தின் பெனால்டி போல. ஸ்பெயின்காரர் ஹூலென் அகினகால்டே கடைசி எறிதலைக் கோலாக்கினார், 39-38. ஐரோப்பாவின் பெரிய கோப்பையை ஒரு போலந்து கிளப் வென்றது அதுவே முதல்முறை. அதிர்ஷ்டம் ஒரு பந்தைக் கம்பத்தில் பட்டு உள்ளே தள்ளலாம். 14 நிமிடம் முழுக்க ஒரே பக்கம் நின்று உதவாது.

வெஸ்ப்ரேமை நினைத்தாலும் மனசு கனக்கிறது. 2002, 2015, 2016, 2019 என்று நாலு இறுதிப்போட்டி ஆடி நாலிலும் தோற்ற கிளப் அது.

அடுத்த மாதங்களில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் போலந்துக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவர் பியெலெட்ஸ்கி. போட்டி முடிந்தபோது 55 கோலோடு ஆண்கள் ஹேண்ட்பாலில் அதிக கோல் போட்டவரும் அவர்தான். பதக்கம் கிடைக்கவில்லை, போலந்து 4ஆம் இடம்.

வெளிநாட்டுக்காரர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்று பயிற்சியாளராக நின்ற தலந்த் துய்ஷேபாயெவ் பிறந்தது கிர்கிஸ்தான் தலைநகரில். 1992 ஒலிம்பிக்கில் சோவியத்துக்குப் பின்வந்த கூட்டு அணிக்குத் தங்கம் வென்று கொடுத்தார், அடுத்த வருடம் ரஷ்யாவுக்கு உலகக் கோப்பை, பிறகு ஸ்பெயின் அணிக்கு ஆடினார். 2014 தொடக்கத்தில் கியெல்ட்செக்கு வந்தார். அவர் மகன்கள் அலெக்ஸ், டேனியல் இருவரும் அப்பாவின் கீழ் இந்த கிளப்பில் ஆடினார்கள். இப்படி ஒரு குடும்பமே வந்து தங்கிய ஊரில் யாரை வெளியாள் என்பது?

அதன்பின் கோப்பை இன்னும் கைக்கு வரவில்லை. 2022 இறுதிப்போட்டியில் பார்சிலோனாவிடம் 7 மீட்டர் எறிதல்களில் தோல்வி. 2023இல் ஜெர்மனியின் மாக்டபர்க்கிடம் கூடுதல் நேரத்தில் 30-29 என்று தோல்வி. உள்நாட்டில் தொடர்ந்து 12 வருடம் வென்றுவந்த பட்டத்தையும் 2024இல் பரம வைரியான ப்வோட்ஸ்க் நகர கிளப் பறித்துக்கொண்டது.

பதிவு உங்களிடம் இருக்கிறதல்லவா? 46ஆவது நிமிடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டு, பந்தை விட்டுவிட்டு கியெல்ட்செ தடுப்பாளர்களின் கால்களை மட்டும் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். நீங்கள் எந்த இடத்தில் ஆடினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்