ஹப்பில் மிச்சம் பிடிக்கலாம், கம்பியில் வேண்டாம்

கேள்வி: காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் கியர் சைக்கிளில் போய் வருகிறேன். எடை 84 கிலோ. ஆறு மாதத்தில் பின்சக்கரத்தில் ஐந்து போக்ஸ் கம்பி உடைந்துவிட்டது, எல்லாம் செயின் பக்கம்தான். ஒருமுறை ஆக்ஸிலும் வளைந்தது. கடையில் முழுச் சக்கரத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். நானே பாகங்கள் வாங்கிக் கோர்க்கலாம் என்று பார்க்கிறேன். செலவு கையைக் கடிக்காத ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) எது? 26 அங்குல ரிம், 7 கியர், ரிம் பிரேக்.

பதில்: தாராளமாக நீங்களே கோர்க்கலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் ஆக்ஸில் விஷயம். வளைந்தது என்றால் உங்களுடையது அநேகமாக ஃப்ரீவீல் ஹப், அதாவது பல்சக்கரக் கொத்தை மேலே திருகி மாட்டும் வகை. அதில் வலது பக்கத்து பால்ரஸ், பல்சக்கரங்களுக்கு உள்ளே ஒதுங்கிவிடும். அங்கிருந்து ஃபிரேம் வரைக்கும் ஆக்ஸிலைத் தாங்க எதுவும் கிடையாது, அதனால் பள்ளத்தில் இறங்கும்போது அங்கேதான் வளைகிறது. ஃப்ரீஹப் வகையில் (ஒருபக்கம் மட்டும் சுழலும் பாகம் ஹப்போடு சேர்ந்தே இருக்கும், பல்சக்கரங்களை அதன் மேல் செருகுவோம்) அந்த பால்ரஸ் ஃபிரேம் ஓரத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். உங்கள் எடைக்கும் தூரத்துக்கும் அதுதான் சரி. ஷிமானோவின் டூர்னி வரிசையில் உள்ள ஃப்ரீஹப்பே போதும். சீல்டு பேரிங் என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கோன் (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) வைத்த ஹப்பை மழைக்காலம் முடிந்ததும் திறந்து, பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குல குண்டுகள் புதிதாகப் போட்டு க்ரீஸ் வைத்தால் பல வருடம் ஓடும், அந்தக் குண்டுகள் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

வாங்கும் முன் இரண்டு அளவு பாருங்கள். ஃபிரேமில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி (135 மி.மீ. இருக்கலாம், ஸ்கேல் வைத்தே அளந்துவிடுங்கள்), அப்புறம் ரிம்மின் துளைகள். 36 துளை ரிம் என்றால் ஹப்பும் 36. பழைய ஃப்ரீவீல் இதில் ஏறாது, 7 கியர் கேசட் (செருகி மாட்டும் பல்சக்கரத் தொகுப்பு) வாங்க வேண்டும். ஃப்ரீஹப் 8, 9 கியருக்கானதாக இருந்தால் கேசட்டுக்குப் பின்னால் 4.5 மி.மீ. வளையம் ஒன்று போட வேண்டும், அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கியர் மாற்றும் லீவர் பழையதே போதும்.

இனி கம்பி. ஒரே பக்கத்தில் ஐந்து உடைந்ததற்குப் பெரும்பாலும் காரணம் இறுக்கம் குறைவாக, ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல் இருந்ததுதான். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும், ஹப்பில் மாட்டும் முனையில் உள்ள முழங்கை வளைவில் ஆடி ஆடிக் களைத்து முறிகிறது. பெயர் தெரியாத மலிவு ஹப்பும் இதைத்தான் செய்யும்: துளை பெரிதாக இருந்தால் கம்பி உள்ளே ஆடும். என் முதல் சக்கரம் அப்படித்தான் போனது. கடையிலேயே ஒரு கம்பியை ஹப் துளையில் நுழைத்து ஆட்டிப் பார்த்து, லொடலொட என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 2 மி.மீ. கம்பி, பித்தளை நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் குட்டி நட்டு) வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். (காந்தம் லேசாக ஒட்டுகிறதே என்று பயப்படாதீர்கள், இழுத்துச் செய்த கம்பி கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.) பின்சக்கரத்தில் வலது கம்பி இடதை விட ஓரிரு மி.மீ. குட்டையாக இருக்கும், ஒரே நீளத்தில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். பழைய கம்பியின் நீளம் புது ஹப்புக்குப் பொருந்தாது. ஹப்பின் விளிம்பு அளவுகளை ஷிமானோ வெளியிடுகிறது, ரிம்மில் நிப்பிள் தலை உட்காரும் இடத்தின் விட்டத்தை நீங்கள் அளந்துகொண்டு நீளத்தைக் கணக்குப் போட்ட பிறகு கம்பி வாங்குங்கள். ரிம் தரையில் வைத்தால் ஆடாமல் உட்கார்ந்தால் பழையதே ஓடட்டும்.

மூன்று குறுக்கு வைத்து (ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்தின் மூன்று கம்பிகளைக் கடந்து போகும்படி) கோர்த்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி பிரேக் கட்டையை அடையாளமாக வைத்துக் கோட்டம் எடுங்கள். அப்புறம் ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டிக் கேளுங்கள், சத்தம் ஏறக்குறைய ஒன்றுபோல வர வேண்டும். இணைக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பிடித்து நன்றாக அழுத்தி, மறுபடி கோட்டம் பாருங்கள். அவசரப்படும் பலர் இந்த அழுத்தலை விட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் சிப்காட் போய் வந்த பிறகு இன்னொரு தடவை சுண்டிப் பார்த்து, தளர்ந்ததை மட்டும் கால் சுற்று இறுக்குங்கள்.