மதுரையில் வாங்கிய சிப் கிரெடிட் கார்டு சிங்கப்பூரில் வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் கிளம்பும் முன் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும். 2020 மார்ச் 16 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும்படிதான் வருகின்றன. வங்கியின் ஆப்பில் கடை, ஏடிஎம், ஆன்லைன், தொடாமல் தட்டிச் செலுத்துவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும். தேவையானதை மட்டும் போட்டு, வரம்பையும் குறைத்து வையுங்கள்.

சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிதாக ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்கும். அதைத் திருடினாலும் அடுத்த முறைக்கு உதவாது. பழைய காந்தப் பட்டையில் இருப்பது எப்போதும் ஒரே தகவல், நகலெடுத்துவிடலாம். அதனால் கார்டைத் தேய்க்கச் சொன்னால், செருகிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

பின் எண் நினைவிருக்கிறதா? டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் கார்டைச் செருகி, பின் போட்டு ஏதாவது வாங்கிப் பாருங்கள். மறந்திருந்தால் இங்கேயே மாற்றிவிடலாம்.

அப்புறம், பலர் பணம் விடும் இடம் ஒன்று உண்டு. அங்கே கடை மெஷின் திரையில் சிங்கப்பூர் டாலரிலா, இந்திய ரூபாயிலா என்று கேட்கும். நம் ரூபாயைப் பார்த்ததும் கை தானாக அதற்குப் போகும். வேண்டாம், டாலரையே அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்த மெஷின் தரப்பு வைக்கும், பெரும்பாலும் அது நமக்கு நஷ்டம். டாலரிலும் உங்கள் வங்கி மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போடும்தான். எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் மட்டும் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.