பயிற்சியாளர் வரைந்த வடிவம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் ஆடை வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டு மாணவி. பெயர் பெற்ற ஓர் ஆடை நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது, அனுபவமே சம்பளம் என்கிறார்கள். இடம் பெற்றுத் தந்ததாகச் சொல்லும் முகவர் பதிவுக் கட்டணமும், பின்னர் திருப்பித் தரப்படும் என்று ஒரு வைப்புத்தொகையும் கேட்கிறார். நான் வரைவதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம், பயிற்சிக்குப் பிறகு இரண்டாண்டு போட்டி நிறுவனங்களில் சேரக் கூடாது, இடையில் விலகினால் இழப்பீடு தர வேண்டும் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இதற்கு முன், ஒரு சிறிய நிறுவனத்தில் எழுத்துப்பூர்வமாக எதுவும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல் பயிற்சி பெற்றேன். அங்கே நான் வரைந்த எம்ப்ராய்டரி வடிவம் இப்போது அவர்களுடைய புதிய தொகுப்பில் என் பெயரில்லாமல் விற்பனையாகிறது. நான் என்ன செய்யலாம்? இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

பதில்: எந்த நாட்டு நிறுவனம், எங்கே அமர்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்ற இரண்டு விவரங்களும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஊதியம் தொடர்பான அடிப்படை உரிமையைப் பெரும்பாலும் வேலை நடைபெறும் இடத்தின் சட்டமே தீர்மானிக்கிறது. வேறொரு நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருப்பதாலேயே அந்த உரிமை பறிபோய்விடுவதில்லை. ஆகவே இந்தியா, பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் நிலையையும் தேவைப்படும் இடங்களில் சொல்கிறேன்.

முதலில் சம்பளம். ஒருவரை 'இன்டர்ன்' என்று அழைப்பதனால் மட்டும் அவர் சட்டத்தின் பார்வையில் ஊழியர் அல்லாதவராக ஆகிவிடுவதில்லை. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், நீங்கள் உண்மையில் வேலை செய்பவரா என்பதை மட்டுமே பார்க்கிறது. அந்நாட்டில் நடைபெறும் உயர்கல்விப் படிப்பின் கட்டாயப் பகுதியாக ஓராண்டுக்கு மிகாமல் செய்யும் பயிற்சிக்கும், எந்த வேலையும் செய்யாமல் உடனிருந்து பார்ப்பதற்கும் விலக்கு உண்டு. வெளிநாட்டுக் கல்லூரியில் படிப்பவர் அந்த முதல் விலக்குக்குள் வருவதில்லை என்பதைப் பல நிறுவனங்கள் கவனிப்பதில்லை. பிரான்ஸில் மாணவர், கல்லூரி, நிறுவனம் ஆகிய மூவரும் கையெழுத்திட்ட பயிற்சி உடன்படிக்கை கட்டாயம். ஒரே கல்வியாண்டில் இரண்டு மாதத்தைத் தாண்டும் பயிற்சிக்கு உதவித்தொகை தந்தே ஆக வேண்டும்; ஒரே நிறுவனத்தில் ஓராண்டில் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது; நிரந்தரப் பணியிடத்துக்குரிய வழக்கமான வேலையைப் பயிற்சியாளரைக் கொண்டு செய்துகொள்ளவும் தடை இருக்கிறது. இவற்றுள் பலவற்றை வலுப்படுத்தியது 2014 ஜூலையில் நிறைவேறிய சட்டம். அங்கே ஆறு மாதம் ஊதியமின்றி என்று ஒரு நிறுவனம் எழுதித் தந்தால், அந்தத் தாளே அதற்கு எதிரான சாட்சி.

அமெரிக்காவில் நிலைமை வேறு. பயிற்சியால் முதன்மையாகப் பயன்பெறுவது யார், மாணவரா நிறுவனமா என்பதே அங்குள்ள அளவுகோல். இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் வகுத்த இதனை 2018இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறையும் ஏற்றுக்கொண்டது. பயிற்சி படிப்போடு இணைந்திருக்கிறதா, கற்பிக்கும் தன்மை உண்டா, கற்கும் காலத்தோடு முடிகிறதா, சம்பளம் பெறும் ஊழியரின் இடத்தை நிரப்புகிறதா என்பன போன்ற ஏழு கூறுகளை நீதிமன்றம் சேர்த்து எடைபோடுகிறது. எடைபோடுவது என்றால் முடிவு எந்தப் பக்கமும் சாயலாம். 'டபிள்யூ' ஃபேஷன் இதழில் பயிற்சி பெற்றவர் உள்ளிட்ட முன்னாள் பயிற்சியாளர்கள் 2013இல் தொடுத்த வழக்கை கோண்டே நாஸ்ட் நிறுவனம் 58 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்து முடித்தது. அதே காலத்தில் 'ஹார்ப்பர்ஸ் பஸார்' இதழில் பயிற்சி பெற்றவர் தொடங்கிய வழக்கு, 2017இல் மேல்முறையீட்டில் ஹர்ஸ்ட் நிறுவனத்துக்குச் சாதகமாகவே முடிந்தது. எனவே ஒரு வழக்கின் செய்தியை மட்டும் படித்துவிட்டு நம்பிக்கையை வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

இந்தியாவில் இன்டர்ன்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், அதன்படி ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்ட பழகுநருக்கு உதவித்தொகையை உறுதி செய்கிறது. நிறுவனங்கள் தாமாகவே அமர்த்திக்கொள்ளும் இன்டர்னுக்கு அது தானாகப் பொருந்துவதில்லை. ஆனாலும் சாம்பிள்களை எடுத்துச் செல்வது, ஃபிட்டிங்குக்கு ஆடைகளை வரிசைப்படுத்துவது, டெக் பேக் (ஆடையைத் தைப்பதற்கான அளவும் விவரமும் அடங்கிய கோப்பு) தயாரிப்பது என்று ஓர் உதவி வடிவமைப்பாளரின் முழுநாள் வேலையை உங்களிடம் வாங்கினால், பெயர் எதுவாயினும் தொழிலாளர் உறவு இருந்தது என்று வாதிட இடமுண்டு. அதற்குத் தேவைப்படுவது ஒரு நாட்குறிப்பு. வந்த நேரம், சென்ற நேரம், யார் சொல்லி என்ன செய்தீர்கள் என்பதை அன்றன்றே எழுதி வையுங்கள்.

முகவர் விஷயத்தில் நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. வேலை தேடித் தரும் தனியார் முகவர்கள், வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் பெறக் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் எண் உடன்படிக்கையின் பொது விதி. அதை ஏற்காத நாடுகளும் இருக்கின்றன, விதிவிலக்குகளும் இருக்கின்றன. எனினும் சம்பளமே தராத ஓர் இடத்துக்கு நீங்கள் வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்பதை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏற்க முடியாது. பணம் கட்டுவதற்கு முன், முகவர் கொடுத்த முகவரிக்கு அல்லாமல், நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள மனிதவளப் பிரிவின் முகவரிக்கு எழுதி, இப்படியொரு இடம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாடு என்றால் இன்னொரு சோதனையும் உண்டு: அமெரிக்காவுக்கான ஜே-1 பயிற்சி விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஒரு புரவலர் அமைப்பும், கையெழுத்தான பயிற்சித் திட்டமும் வேண்டும், பிரான்ஸுக்கு உங்கள் கல்லூரியின் கையெழுத்து வேண்டும். இவை எதுவும் இல்லாமல் சுற்றுலா விசாவில் வாருங்கள் என்று ஒருவர் சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

இனி, உங்கள் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். சம்பளப் பிரச்சினை ஆறு மாதத்தில் முடிந்துவிடும். நீங்கள் வரைந்தவை யாருக்குச் சொந்தம் என்பது உங்கள் போர்ட்ஃபோலியோவை ஆண்டுக்கணக்கில் தொடரும். ஊழியர் தம் பணியின் போக்கில் படைப்பது நிறுவனத்துக்குச் சொந்தம் என்பது பல நாடுகளில் நிலவும் விதி. சம்பளமற்ற பயிற்சியாளர் ஊழியரா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(சி) பிரிவு, பணி ஒப்பந்தத்தின்கீழ் மட்டுமன்றிப் பழகுநர் ஒப்பந்தத்தின்கீழ் உருவான படைப்பும், மாறான உடன்பாடு இல்லையெனில், நிறுவனத்தையே முதல் உரிமையாளராகக் கொள்ளும் என்கிறது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் பணி ஒப்பந்தத்தோடு பழகுநர் ஒப்பந்தத்தையும் சேர்த்தே பேசுகிறது. எழுத்திலும் இல்லை, சம்பளமும் இல்லை என்னும் உங்கள் முந்தைய பயிற்சியைப் பழகுநர் ஒப்பந்தம் என்று நிறுவுவது அந்த நிறுவனத்துக்கு எளிதாக இராது. பிரான்ஸில் பயிற்சியாளரின் படைப்புரிமை தானாக நிறுவனத்துக்குப் போவதில்லை. எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று தனித்தனியே குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தால்தான் போகும். வரைந்தவர் நீங்கள், எழுதிக் கொடுத்தது எதுவுமில்லை என்றால், உங்கள் எம்ப்ராய்டரி வடிவத்தின் முதல் உரிமையாளர் நீங்களே என்ற நிலையிலிருந்து வாதத்தைத் தொடங்கலாம்.

ஆனால் உரிமையாளராக இருப்பது வேறு, அந்த உரிமை இன்னும் உயிரோடு இருப்பது வேறு. ஆடைத் துறையில் பலர் அறியாத பொறி இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவில் இருக்கிறது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அதன் உரிமையாளரோ அவருடைய அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் பதித்துவிட்டால், அந்த வடிவத்துக்கான பதிப்புரிமை அற்றுப்போகிறது. துணியில் பதிப்பதற்கென்றே வரைந்த வடிவம் தனிக் கலைப்படைப்பாகுமா, பதிவு தேவைப்படும் வடிவமைப்பாகுமா என்ற கேள்வியில், 2009இல் மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் வடிவமைப்பு என்றே கூறியது. ஆகவே இந்திய நிறுவனம் என்றால், உங்கள் அனுமதியோடுதான் அந்த வடிவம் தைக்கப்பட்டது என்று அவர்கள் வாதிடுவார்கள். அனுமதி தரவில்லை என்பதை நீங்கள் காட்ட முடியுமா என்பதைப் பொறுத்தே வழக்கின் வலு அமையும். அமெரிக்காவில் ஆடையின் வெட்டுக்குப் பதிப்புரிமை கிடைப்பது அரிது. ஆனால் ஆடையிலிருந்து பிரித்துத் தனிச் சித்திரமாகக் கருதத்தக்க மேற்பரப்பு அலங்காரத்துக்குக் கிடைக்கும் என்று 2017இல் ஸ்டார் அத்லெட்டிகா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; எம்ப்ராய்டரி வடிவத்துக்கு அந்தத் தீர்ப்பு துணை நிற்கும்.

எந்த நாடாயினும் உங்களிடம் இருக்க வேண்டியவை ஒன்றே: பென்சில் ஸ்கெட்ச்சிலிருந்து இறுதிக் கோப்பு வரையிலான எல்லாப் படிநிலைகளும், கணினிக் கோப்புகளின் தேதிகள் மாறாத மூலப்பிரதிகளும், வடிவத்தை நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் செய்தியும், அவர்கள் அளித்த மறுமொழியும். நிறுவனத்தின் உள்கோப்புகளை எடுத்து வந்திருந்தால் அவற்றை ஆதாரமாக்க முனையாதீர்கள். அது உங்களுக்கெதிராகவே திரும்பும். அதேபோல, என் வடிவத்தைத் திருடிவிட்டார்கள் என்று சமூக ஊடகத்தில் எழுத வேண்டாம். உங்கள் சான்று எவ்வளவு வலுவானது என்று தெரிவதற்கு முன்பே ஓர் அவதூறு வழக்குக்கு வாசலைத் திறந்துவிடுவீர்கள். முதலில் அடக்கமான தொனியில் ஓர் அறிவிப்புக் கடிதம் அனுப்பி, வடிவமைத்தவராக உங்களை ஒப்புக்கொள்ளவும், போர்ட்ஃபோலியோவில் அதைக் காட்ட எழுத்துப்பூர்வமாக இசையவும், ஈடு பற்றிப் பேசவும் கேளுங்கள். என் கணிப்பில், சிறிய நிறுவனங்கள் முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் இசைந்துவிடும். தொழிலைத் தொடங்கும் ஒருவருக்கு அவ்விரண்டும் ஈட்டுத்தொகையைவிடக் கூடுதலாகப் பயன்படும். இந்தியாவில் உரிமை கைமாறிய பின்னும் படைப்பாளி தம்மை ஆசிரியராக உரிமை கோரலாம் என்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவும், பிரான்ஸில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது என்பதை அந்நாட்டுச் சட்டமும் உறுதி செய்கின்றன.

புதிய ஒப்பந்தத்தில் 'நான் வரைவதெல்லாம்' என்ற சொற்களை அப்படியே விடாதீர்கள். பயிற்சிக் காலத்தில், நிறுவனம் ஒப்படைத்த பணிக்காக உருவாக்கியவை மட்டும் என்று திருத்தக் கோருங்கள். கல்லூரிப் பணிகளையும், முன்பே வரைந்தவற்றையும் தலைப்பும் தேதியும் இட்டு ஓர் இணைப்பாகச் சேர்த்து, அவை இதில் அடங்கா என்று எழுதச் சொல்லுங்கள். பயிற்சியில் நீங்கள் பங்களித்த தொகுப்பு வெளியான பிறகு உங்கள் பங்களிப்பைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்பதும் வேண்டும். ரகசியக் காப்புப் பிரிவை மட்டும் எதிர்க்காதீர்கள். வெளியாகாத வடிவத்தின் ஒரு புகைப்படம் இன்ஸ்டாகிராமில் வந்துவிட்டால்கூட இந்தியாவில் அதைப் பதிவு செய்வதற்கான புதுமை போய்விடக்கூடும் என்பதால், அவர்களுடைய அச்சம் நியாயமானது.

இரண்டாண்டுத் தடை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, வேலை முடிந்த பின் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது. கலிஃபோர்னியாவிலும் ஏறத்தாழ அவ்வாறே. பிரிட்டனில் நியாயமான அளவுக்கு மட்டும் செல்லும். பிரான்ஸில் ஊழியரையே ஈட்டுத்தொகை தராமல் இப்படிக் கட்டிப்போட முடியாது. ஒரு பயிற்சியாளருக்கு இது தேவையற்ற ஷரத்து, நீக்கச் சொல்லுங்கள். இடைவிலகல் இழப்பீடு இந்தியாவில் அப்படி அடியோடு செல்லாதது அன்று. குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்ற பிணையை ஒரு வங்கி ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றிருக்கிறது. ஆயினும் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான ஈட்டை மட்டுமே பெற முடியும். சம்பளம் தராதவர் தமக்கு என்ன இழப்பு என்று விளக்கியாக வேண்டும். இரு வார முன்னறிவிப்புடன் இரு தரப்பில் எவரும் விலகலாம் என்று மாற்றக் கேட்பது பொருத்தமாக இருக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று: ஃபிட்டிங் அறை, படப்பிடிப்புத் தளம், ஷோவின் பின்மேடை ஆகியவையும் பணியிடங்களே. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், ஊதியம் பெறாதவரையும் பயிற்சியாளரையும் ஊழியர் என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படலாம். நியூயார்க் மாநிலமும் 2014இல் ஊதியமற்ற இன்டர்ன்களுக்கு இந்தப் பாதுகாப்பை விரிவுபடுத்தியது.

இப்போதிருக்கும் வடிவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். மேலே சொன்ன திருத்தங்களை ஒரே மின்னஞ்சலில் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் தொலைபேசியில் சரி என்று சொன்னால், சொன்னதை அன்றைக்கே இன்னொரு மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். முந்தைய நிறுவனத்துக்கான அறிவிப்புக் கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம். உரிமை மீறலுக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் மூன்று ஆண்டு, பிரான்ஸில் ஐந்து, பிரிட்டனில் ஆறு. எனவே அந்தத் தொகுப்பு முதன்முதலில் விற்பனைக்கு வந்த தேதியை உறுதிசெய்து, அதற்கான ஆதாரத்தோடு அந்நாட்டு வழக்கறிஞர் ஒருவரைச் சந்தியுங்கள்.