ஸ்டாண்டர்டு கேசல் இன்னும் எத்தனை ஓடுகிறது? – கேள்வி பதில்

கே: அண்ணே, கேசல் எத்தனை மிச்சம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

ப: ஒரே நம்பராகச் சொல்பவரை நம்பாதீர்கள். ஸ்டாண்டர்டு கம்பெனி பெருங்களத்தூர் ஆலையில் 1972 முதல் 1977 வரை செய்த கார் இது. என் கணக்கில் நாலு பத்தி உண்டு. ஆர்.சி. புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்டி, தானாக ஓடி வருவது முதல் பத்தி. ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஆர்.சி. காலாவதி என்றால் இரண்டாவது. ஷெட்டில் கல் மேல் நிற்பது மூன்றாவது. காகிதத்தில் மட்டும் உயிரோடிருப்பது நாலாவது, வம்பே இதில்தான். காயலாங்கடைக்குப் போட்டவர்களில் ஆர்.டி.ஓ.விடம் ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்தவர்கள் அபூர்வம். பதிவேட்டை எண்ணினால் செத்த வண்டியும் சேர்ந்துவிடும். போட்டோவை எண்ணினாலோ, பெயின்ட் மாறி, கை மாறி, ஒரே வண்டி மூன்றாகிவிடும். சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தில் பொறித்த நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரிண்ட் வந்தால்தான் நான் எழுதிக்கொள்வேன்.

கே: ஹெரால்டும் கேசலும் ஒன்றுதானே சார்? சேர்த்து எண்ணலாமே.

ப: கூடாது. ஹெரால்டு அதே கம்பெனியின் முந்தைய கார். 948 சி.சி. இன்ஜின் பொது. ஹெரால்டுக்குப் பின்னால் ஸ்விங் ஆக்சில், சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்; கேசலுக்கு லைவ் ஆக்சில், இரண்டு சக்கரத்தையும் ஒரே விறைப்பான அச்சு இணைக்கும். குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

கே: வி.ஏ. நம்பர் வாங்கலாமா?

ப: வி.ஏ. என்பது பழங்கால (வின்டேஜ்) வண்டிக்கான பதிவு எண். 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். 1977-இல் பதிவான கேசல் 2027-இல்தான் தகுதி பெறும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் என்று போய் வரலாம்.

கே: ஆர்.சி. இல்லாத கேசல் ஒன்று மலிவாக வருது. வாங்கலாமா?

ப: சேசிஸ் நம்பரைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கே: மொத்தம் எத்தனை ஓடுதுன்னு சொல்லவே இல்லையே?

ப: முதல் பதில்.

கே: அதே கம்பெனியின் ஸ்டாண்டர்டு 2000 காரில் ரோவர் இன்ஜின்தானே?

ப: இல்லை. பாடி ரோவர் எஸ்.டி.1. உள்ளே இருந்தது பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழிவந்த 1991 சி.சி. இன்ஜின். 1985-இல் வந்து 1988-இல் நின்றது.

கே: என் கேசலில் மாருதி இன்ஜின். ஆர்.சி.யிலும் ஏற்றியாச்சு. எண்ணிக்கையில் சேருமா?

ப: முதல் பத்தியில் சேரும், பக்கத்தில் ஒரு குறியோடு. வி.ஏ. கிடைக்காது; சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது விதி.

கே: அநியாயம் சார். இன்ஜின் மாத்தினா கேசலே இல்லை.

ப: ஆலை மூடிய பிறகு உதிரிபாகம் எங்கே கிடைத்தது? இன்ஜின் மாற்றியவர்தான் அந்த வண்டியைத் தெருவில் வைத்திருந்தார். சுத்தம் பார்த்தவரில் பாதிப் பேர் வண்டியைப் பூசணம் பிடிக்க விட்டார்கள்.

கே: அப்போ ஹெரால்டு சேசிஸில் கேசல் பாடி ஏத்தினா அதுவும் கேசலா?

ப: ஆகாது, அது ஹெரால்டு. ஹெரால்டில் பாடியும் சேசிஸும் தனித்தனி, போல்ட் போட்டு மாட்டுவது. இரண்டு வண்டியை ஒன்றாக்கி இரண்டு ஆர்.சி. வைத்திருக்கும் கில்லாடிகள் உண்டு. அதனால்தான் பென்சில் பிரிண்ட் கேட்கிறேன்.

கே: இன்ஜின் மாறலாம், சேசிஸ் மாறக் கூடாதா? உங்க நியாயம் புரியலை.

ப: பதிவுக்கு ஆதாரம் சேசிஸ் நம்பர். பிடிக்கவில்லையென்றால் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். முடிந்ததும் எனக்கும் ஒரு நகல்.

கே: அண்ணே, கேசல் என்ன விலை போகும்?

ப: சேசிஸ் நம்பர் பார்த்தீர்களா?