ராயபுரம் பெண், ஜெர்மன் மாப்பிள்ளை: பதிவுத் திருமணம் செய்வது எப்படி?

சிறப்புத் திருமணச் சட்டம், 1954தான் வழி. யாரும் மதம் மாற வேண்டியதில்லை. திருமணம் செய்யப்போகிறோம் என்று மாவட்டத் திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; அதற்குமுன் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் ராயபுரத்திலேயே இருப்பதால் அது பிரச்சினையே இல்லை. நோட்டீஸ் போட்டு 30 நாள் ஆட்சேபம் வராவிட்டால், மூன்று சாட்சிகளோடு கையெழுத்து. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

பலர் சறுக்குவது விசாவில்தான். மாப்பிள்ளை 30 நாள் விசாவில் வந்திறங்கினால், காத்திருப்பிலேயே அது தீர்ந்துவிடும். மணமாகாதவர் என்ற சான்றை அவர் ஊரிலேயே வாங்கிவரட்டும். விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பு நகலும், ஆங்கில மொழிபெயர்ப்போடு.

உங்கள் பக்கம் இனிஷியல் தொல்லை உண்டு: ஆதாரில் வெறும் 'கே', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நோட்டீசுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். அவர் உங்கள் வீட்டில் தங்கினால், வெளிநாட்டவர் தங்கியிருப்பதை 24 மணி நேரத்துக்குள் நீங்கள் ஆன்லைனில் பதிய வேண்டும். கல்யாணக் களேபரத்தில் மறந்துபோவது இதுதான்.