எல்லோரும் ஏமாற்றுவதாகவே தெரிகிறதே!

கேள்வி: பெருமாநல்லூர் பக்கம் பத்து மெஷின் போட்டு பவர் டேபிள் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்) நடத்துகிறேன். டெய்லர் பீஸ் கணக்கை ஏற்றிச் சொல்கிறார் என்று தோன்றுகிறது. செக்கிங் பார்க்கும் அக்கா வேண்டுமென்றே இழுக்கிறார் என்று தோன்றுகிறது. ஊரிலிருந்து ஓரகத்தி ஒரு பை முருங்கைக்காய் கொண்டுவந்தால்கூட, கடன் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று மனசு சொல்கிறது. ‘காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்’ என்று கணவர் சொல்லிவிட்டார். டெய்லராக இருந்தபோது நானும் ஒன்றிரண்டு டஜன் கூட்டி எழுதியவள்தான். நான் கெட்டவளா?

(பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்)

பதில்: அம்மணி, உங்கள் கடிதத்தில் அந்த ‘ஒன்றிரண்டு டஜன்’ வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருடம் கழித்தும் அது உங்களை உறுத்துகிறது. கெட்டவர் என்று உங்களை நான் நினைக்கவில்லை.

அடுத்தவர் மனசுக்குள் போய்ப் பார்க்க யாராலும் முடியாது. அங்கே என்ன இருக்கும் என்று ஊகிக்க நம்மிடம் இருப்பது நம் மனசு ஒன்றுதான். ‘அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்’ என்று உள்ளுக்குள் கேட்டு, வந்த பதிலை அவர் தலையில் எழுதிவிடுகிறோம். இதை நாம் கவனிப்பதுகூட இல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீ ராஸ் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று 1977இல் வெளிவந்தது. விளம்பரப் பலகையை உடம்பில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வளாகத்தைச் சுற்றி வருவீர்களா என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சரி என்றவர்கள், நூற்றுக்கு 62 பேர் தங்களைப் போலச் சம்மதிப்பார்கள் என்று கணித்தார்கள். முடியாது என்றவர்கள், 67 பேர் மறுப்பார்கள் என்றார்கள். கூட்டிப் பாருங்கள், நூற்றைத் தாண்டுகிறது. அவரவர் தன்னையே ஊராக நினைத்துச் சொன்ன கணக்கு அது.

நல்லவர்களும் இதற்குத் தப்புவதில்லை. என் அப்பாரு கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு சோடிக் காளையை, ‘அடுத்த மாசம் பணம் கொண்டாந்து தர்றேனுங்க’ என்ற வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிட்டு வந்தார். தான் வாக்குத் தவறாதவர் என்பதால், எதிரே நின்றவரும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துவிட்டார். பணம் வரவேயில்லை. அதற்கப்புறம் அவர் காளை வளர்க்கவும் இல்லை.

அதனால் உங்கள் கணவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் ஒரு பழமொழியைச் சொல்லி வாயை அடைத்தது சரியில்லை. டெய்லர் நிஜமாகவே ஏற்றி எழுதலாம். எந்த இடத்தில் எப்படி ஏற்றுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அது தொழில் அறிவு. அதை மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் வேலைக்குப் பயன்படுத்துங்கள். கட்டிங்கிலிருந்து வரும் ஒவ்வொரு பண்டலுக்கும் நம்பர் போட்டு, எத்தனை பீஸ் என்று சீட்டில் எழுதுங்கள். தைத்து வந்ததும் டெய்லரை வைத்துக்கொண்டே எண்ணி, அந்தச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒரு மாதம் செய்தால் போதும். ஏற்றினாரா இல்லையா என்பது தெரிந்துவிடும், அவர் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது. செக்கிங் அக்காவுக்கும் இதே வழிதான்: ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே ஐம்பது பீஸ் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லுங்கள்.

ஓரகத்தி விஷயத்துக்கு நோட்டும் சீட்டும் உதவாது. அவர் இதுவரை எத்தனை தடவை வந்தார், அதில் எத்தனை தடவை பணம் கேட்டார் என்று நேர்மையாக நினைத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அவர் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. முருங்கைக்காய் கொண்டுவந்தார் என்று மட்டும்தான் இருக்கிறது. கை வீசிக்கொண்டு வர மனசில்லாமல் தோட்டத்தில் காய்த்ததைப் பறித்து, பஸ் ஏறி வந்திருக்கிறார். வந்தவருக்கு ஒரு வாய் காப்பியாவது நிம்மதியாகக் குடிக்கக் கிடைத்ததா என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்திவிட்டு நீங்கள் அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். போகும்போது கையில் ஏதாவது கொண்டுபோங்கள். பண்டல் கணக்கு என்ன ஆனது என்பதையும் அப்புறம் எனக்கு எழுதுங்கள்.