வேம்பை வெட்டவும் வேண்டாம், தென்னையை வைக்கவும் வேண்டாம்

கேள்வி: கோவில்பட்டியில் 40-க்கு 60 மனையில் வீடு கட்டிக் குடிவந்து 2 வருடம் ஆகிறது. முன்னால் 14 அடி, பின்னால் 8 அடி, மேற்கே 10 அடி இடம் விட்டிருக்கிறோம். மனை வாங்கும்போதே முன்மூலையில் நின்ற வேப்பமரம் இப்போது வீட்டுச் சுவரிலிருந்து 9 அடியில் இருக்கிறது. "20 அடிக்குள் மரமே ஆகாது, வேம்பை வெட்டிவிடுங்கள்" என்கிறார் கொத்தனார். மாமனாருக்குத் தென்காசிப் பக்கம். "எங்க ஊர்ல சுவரை ஒட்டியே மரம் நிக்குது, ஒண்ணும் ஆகல" என்று சொல்லி, பின்பக்கம் தென்னை வேறு வைக்கச் சொல்கிறார். முன்னறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது. எதைக் கேட்பது? பாத்ரூம் தண்ணீரில் வாழை வைக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: கொத்தனார் சொல்வதும் சரி, மாமனார் சொல்வதும் சரி. இருவரும் வேறு வேறு மண்ணைப் பார்த்து வளர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

வேர் போய் அஸ்திவாரத்தை முட்டி உடைக்கும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். நல்ல கான்கிரீட்டை வேர் உடைப்பது அபூர்வம். தடை வந்தால் வளைந்து போகும். திண்ணை, படி, சிமெண்ட் தரை மாதிரி கனமில்லாதவற்றைத்தான் தூக்கும். வீட்டுக்கு வரும் கெடுதல் வேர் தண்ணீர் குடிப்பதால் வருவது. உங்கள் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் உங்கள் ஊர்க் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், வெடிப்புக்குள் கையே நுழையும். அந்த மண்ணில் வீட்டின் ஒரு மூலைக்கு அடியில் மட்டும் மரம் ஈரத்தை உறிஞ்சினால், அந்த மூலை இறங்கும், மற்ற மூன்றும் அப்படியே நிற்கும். சுவர் கீறாமல் என்ன செய்யும்?

மாமனார் ஊர்ப்பக்கம் செம்மண்ணும் சரளையும்தான் அதிகம். அது காய்ந்தாலும் பெரிதாகச் சுருங்காது. போதாததற்கு, அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சிமெண்ட் பூச்சு கொடுக்காது. அதனால் அவர் பார்த்தது பொய்யில்லை. உங்கள் மனைக்குப் பொருந்தாது என்பதுதான் விஷயம்.

எத்தனை அடி என்ற கேள்விக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. செம்மண், சரளை என்றால், மரம் முழுதாய் வளர்ந்தபின் அதன் விரிவு எவ்வளவோ அதில் பாதி, கூட ஒரு 4 அடி. 30 அடி விரியும் மரத்துக்கு 19, 20 அடி வரும். ஆழமான கரிசலில் பெரிய மரம் என்றால் அதன் முழு உயரத்தையே தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேம்பு சாதாரணமாக 40 அடி போகும். உங்கள் மனையில் அதற்கு இடமே இல்லை. புதிதாக வைப்பதாக இருந்தால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

ஆனால் உங்கள் வேம்பு வீட்டுக்கு முன்பே நிற்கிறது. அதைத்தான் யோசிக்க வேண்டும். இத்தனை வருடமாக அந்த மூலை மண்ணை அது காயவைத்தே வைத்திருக்கிறது. உங்கள் வீடு எழும்பியது அந்தக் காய்ந்த மண்ணின் மேல். இப்போது மரத்தை வெட்டினால் குடிக்க ஆளில்லை. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் பிடித்து, சில வருடத்தில் உப்பி, அந்த மூலையைக் கீழிருந்து தூக்கும். இறங்கின வீட்டை விடத் தூக்கின வீட்டைச் சரிசெய்வது கஷ்டம். கொத்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் வெட்டச் சொல்ல வேண்டிய நேரம் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு ஒரு வருடம் முன்னால். அது போய்விட்டது.

அவரிடம் வேறொன்று கேளுங்கள். வானம் தோண்டியபோது சுக்கான், அதாவது கரிசலுக்கு அடியில் இருக்கும் கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கு, தட்டியதா? பில்லர் சுக்கானில் உட்கார்ந்திருக்கிறதா, கரிசலிலேயே நிற்கிறதா? சுக்கானிலோ பாறையிலோ உட்கார்ந்திருந்தால் பாதிக் கவலையை விட்டுவிடலாம். மேலே கரிசல் என்ன ஆட்டம் ஆடினாலும் பில்லர் அதிகம் அசையாது. அப்போதும் தரையும் படியும் லேசாக வெடிக்கும், அது வேறு.

கீறலுக்கு வருகிறேன். மயிரிழைக் கீறல் பூச்சில் மட்டும் இருக்கலாம். தண்ணீர் சரியாக விடாத பூச்சில் இது சகஜம். ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிறது என்கிறீர்கள், அதனால் கவனிக்க வேண்டியதுதான். ஒரு பென்சில் எடுத்து, கீறல் முடியும் இரண்டு முனையிலும் குறுக்கே சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் எவ்வளவு அகலம் என்பதையும் ஸ்கேல் வைத்துப் பார்த்து எழுதிவிடுங்கள். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். வைகாசியில் அகன்று கார்த்திகையில் ஒட்டினால் அசைவது மண். மழை, வெயில் எதற்கும் ஒரே மாதிரி இருந்தால் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிடலாம். வருடம் முழுக்க ஒரே திசையில் அகன்றுகொண்டே போனாலோ, ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு வந்தாலோ, கட்டட இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அதற்குள் கீறலைப் பூசி மறைக்க வேண்டாம்.

வேம்பை என்ன செய்வது? கவாத்து. மழைக்கு முன், ஆவணி புரட்டாசி வாக்கில், கொப்புகளில் கால்வாசியைக் கழித்துவிடுங்கள். இலை குறைந்தால் குடிப்பதும் குறையும். 2, 3 வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்யவேண்டும். மொட்டை அடிக்க மட்டும் விடாதீர்கள். மொட்டை அடித்த மரம் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, சீக்கிரமே மறுபடி பழையபடி குடிக்கும். அந்தக் கொப்புகள் ஒட்டும் பலமில்லாமல் காற்றுக்கு முறியும். வீட்டுப் பக்கம் குழி வெட்டி வேரை அறுக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். 9 அடி இடைவெளியில் ஒரு பக்க வேரை அறுத்தால் மரம் பிடிப்பில்லாமல் நிற்கும். சென்னையில் 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கில் மரம் சாய்ந்தது. கேபிளுக்கும் நடைபாதைக்கும் தோண்டி வேரறுத்த சாலையோர மரத்துக்கு அந்த மாதிரிக் காற்றில் என்ன பிடிமானம் இருக்கும்?

தென்னை வேர் பருக்காது, அஸ்திவாரத்தை ஒன்றும் செய்யாது. அதில் மாமனாரை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் மட்டை ஒன்றே 15 அடிக்கு மேல் வளரும். 8 அடி இடத்தில் வைத்தால் வெளிச்சம் தேடி அடுத்தவர் மனைப் பக்கம் சாயும். அப்புறம் தேங்காய் அவர்கள் ஓட்டில் விழும், மட்டை உங்கள் தண்ணீர்த் தொட்டியில் விழும். கோடையில் ஒரு நாளைக்கு 50 லிட்டராவது ஊற்ற வேண்டும். கோவில்பட்டியில் குடம் வைத்துக் காத்திருப்பவருக்கு அது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சுவர் ஓரமாக மட்டும் தினமும் அவ்வளவு தண்ணீர் ஊற்றுவது கரிசலுக்கும் ஆகாது. வேண்டாம்.

மேற்கே இருக்கும் 10 அடிதான் உங்களுக்கு உருப்படியான இடம். பிற்பகல் வெயில் விழும் சுவர் அது. சுவரிலிருந்து 6 அடி தள்ளி மாதுளை, எலுமிச்சை, சீத்தா, கறிவேப்பிலை எல்லாம் வைக்கலாம். காம்பவுண்டு சுவரையும் ஒட்டாதீர்கள். அதற்கு அஸ்திவாரம் ஆழமில்லை, முதலில் வெடிப்பது அதுதான். முருங்கையும் வரட்டும், ஆனால் வருடா வருடம் இடுப்புயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். ஜன்னலுக்கு நேராக வேண்டாம், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி உள்ளே வரும். சன்ஷேடில் ஆலோ அரசோ முளைத்திருந்தால், அது காகம் போட்ட விதை, இரண்டு இலையிலேயே பிடுங்கிவிடுங்கள். வேர் செங்கல் இடுக்கில் இறங்கிவிட்டால் பிடுங்கினாலும் திரும்பத் துளிர்க்கும்.

கடைசியாக வாழை. தாராளமாக வைக்கலாம், ஆனால் பாத்ரூம் குழாய் வெளியே வரும் இடத்தில் இல்லை. அங்கே சுவரடி எப்போதும் ஈரமாகவும் வேம்பு நிற்கும் மூலை எப்போதும் காய்ந்தும் இருந்தால், வீட்டை நீங்களே இரண்டு பக்கமும் இழுப்பது போல. பிவிசி குழாயை நீட்டிப் பின்பக்க மேற்கு மூலைக்குக் கொண்டுபோய் அங்கே விடுங்கள், வாழை அங்கே நிற்கட்டும். குழாய் இணைப்பைப் பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள். கசிகிற இணைப்பு ஒன்று இருந்தால் வேம்பு வேர் அதைத் தேடிப் பிடிக்கும், செப்டிக் டேங்க் குழாய் அடைப்பதும் இப்படித்தான். வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாக சிமெண்ட் தளம் போட்டுவிட்டால் மழைத்தண்ணீரும் சுவரடியில் தேங்காது. கவாத்துக்கு ஆள் பிடிப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.